பருவம் பார்த்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தனியாக ஆற்றில் படகு விடப்போகிறார் என்ற செய்தி பழசாகி மூன்று வருஷம் ஆகிறது. வாங்கிய படகு கூடத்துச் சுவரோரம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீரைத்தான் பார்க்கவில்லையே தவிர அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இஸ்திரி போடவேண்டிய துணியெல்லாம் அதில்தான் ஏறி உட்கார்ந்திருந்தது.

எல்லாம் பருவத்தால் வந்த வினை. மழைக்காலத்தில் ஆறு ஆளையே அள்ளிக்கொண்டு போய்விடும். கோடையில் பாறை தலைகாட்டும், படகை இவர்தான் சுமந்து நடக்க வேண்டும். குளிர்காலப் பனியில் எதிரே எது வருகிறதென்றே தெரியாது. மழை விட்டுக் குளிர் தொடங்குமுன் வருகிற இரண்டு வாரம்தான் தோது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தார். போன வருஷம் அந்த இரண்டு வாரமும் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. அதில் கிடைத்த நிம்மதியை மனுஷனால் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அதுவா என்று நாள் முழுக்கக் கேட்பவர் அவர். கேட்ட மாத்திரத்தில் கடைக்கு வந்தவர்கள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். இவருக்கோ நாலு பருவத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்தப் பாடு. அடுத்தவருக்கு யோசனை சொல்வதில் மட்டும் புலி. அவர் சொன்ன வாரத்தில் ஆற்றுக்குப் போன வாடிக்கையாளர்கள் ஜம்மென்று திரும்பிவந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அன்றெல்லாம் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார்.

இந்த வருஷமும் மழை விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் போகவில்லை என்றால் படகை விற்றுவிடலாம் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். படகு போனால் ஆசையும் போய்விடுமே என்று அவர் அதிலிருந்த துணியையெல்லாம் இறக்கிவைத்தார்.

ஞாயிறு காலை கரைவரை வந்துவிட்டார். லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டார். அப்புறம் வானத்தை அண்ணாந்து பார்த்து, காற்று கொஞ்சம் அடங்கட்டும் என்றார். கூட வந்திருந்த மனைவி ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கித் தான் போட்டுக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். துடுப்பு போடும் விதத்தை மூன்று வருஷமாக இவர் விளக்கியதில் அவளுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அவள் வளைவில் மறைந்ததும் இவர் கரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். வளைவுக்கு அப்பாலிருந்த பாலத்தைத் தொட்டுவிட்டு அவள் திரும்பியபோது தொப்பலாக நனைந்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"பயமா இல்லையா?"

"இருந்துச்சுங்க. அதோடதான் போனேன்."

பயமே இல்லாத பருவத்தைத்தான் இத்தனை நாளும் தேடியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நகரு. நானும் உன்கூட வரேன்."

அவள் இறங்கி, ஜாக்கெட்டையும் துடுப்பையும் அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல ஒருத்தர்தாங்க உட்கார முடியும்."