ஊர் இல்லாத கோரிக்கை

நவம்பர் கடைசியில் வாவி கரையை மீறியபோது, ஏறாவூரில் மென்பொருள் வேலை பார்த்த நிஸ்றாவும் இஷாமும் வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் படகு கேட்பதற்கு ஓர் இணையத்தளம் செய்தார்கள். ஊரையோ தொலைபேசி எண்ணையோ எழுதாவிட்டால் தளம் ஏற்காது. அந்தச் சோதனையை நிஸ்றா கன்ட்ரோலரில், அதாவது இணையப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கும் பகுதியில், எழுதியிருந்தாள்.

மறுநாள் இஷாம் அவசரமாகக் கைபேசிச் செயலி ஒன்றையும் சேர்த்தான். அதற்கு வேறு கன்ட்ரோலர், அதில் அந்தச் சோதனை இல்லை; இரண்டின் வழியாக வருவதையும் சேமிப்பது மாடல் என்ற ஒரே பகுதி.

"நானா, சோதனைய மாடலுக்குள்ளயே வெச்சிருவமா? எந்த வழியால வந்தாலும், சேமிக்கக்குள்ள அது பாத்துக்கும்." அண்ணன் முறையில் இஷாமை 'நானா' என்றே கூப்பிடுவாள் நிஸ்றா.

"ஓம், செய்யத்தான் வேணும். முதல்ல இது ஓடட்டும்."

பின்னேரம் செயலி வழியாக ஒரு கோரிக்கை வந்தது. பெயர் புஸ்பம். 'வீட்டுக்குள்ள தண்ணி. அம்மாவுக்கு நடக்க ஏலா. கெதியா வாங்க.' ஊரும் எண்ணும் வெறுமையாக இருந்தன. செயலியோ அதை மறுக்கவில்லை. 'கிடைத்தது, படகு வரும்' என்று அவளுக்குப் பதிலும் காட்டியிருந்தது.

மண்டூர்த் துறையில் இயந்திரப் படகோடு நின்ற யோகேஸ்வரன் நிஸ்றாவை அழைத்தார்.

"தங்கச்சி, அடுத்தது எங்க?"

"தெரியா அண்ணன். புஸ்பம் எண்டு பேர் மட்டும்தான் கிடக்கு."

"மண்டூரா, களுதாவளையா? எந்தப் பக்கம் எண்டாவது சொல்லுங்க."

இஷாம் சேவையகப் பதிவுகளைத் துருவினான்; எந்தத் தொலைபேசி நிறுவனம் என்பதோடு தடயம் நின்றுவிட்டது. கிராம சேவகர்களை அழைத்தார்கள். பாதிப் பேரின் கைபேசிகள் உயிரில்லாமல் கிடந்தன.

யோகேஸ்வரன் பெயரைக் கூப்பிட்டபடி சுற்றியிருக்கிறார். இருட்டுகிற நேரம் மறுபடி பேசினார். "ஒரு புஸ்பம் கிடைச்சா. தாய் செத்துக் கனகாலமாம். இவ இல்ல."

இஷாம் சோதனையை மாடலுக்குள் மாற்றினான். அதன்பிறகு ஊர் இல்லாமல் எதுவும் உள்ளே வரவில்லை.

தண்ணீர் வடிந்தது. முகாம்களில் விசாரித்தும் அந்தப் புஸ்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நிவாரண அதிகாரிகள் கோரிக்கைகளை முடித்துவைக்கச் சொன்னார்கள். நிஸ்றா ஒவ்வொன்றாக 'முடிந்தது' என்று மாற்றிக்கொண்டு வந்தாள். புஸ்பத்தின் கோரிக்கையை மட்டும் மாடல் சேமிக்க மறுத்தது: 'ஊர் தேவை.'

"ஏதாச்சும் ஒரு ஊரப் போடு," என்றான் இஷாம்.

"எந்த ஊர நானா?"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். 'காத்திருக்கிறது' என்றே அது இன்னும் காட்டியது.