வெள்ளை பக்கெட்

கிணற்றுத் தண்ணீர்ப் படங்களை அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் சுந்தர்ராஜ் அங்கிளுக்கு நாற்காலியே போட்டேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும், தோல் பதனிடும் டேனரியில் அவர் மேனேஜர். சர்ச்சில் எங்களுக்கு முன் வரிசை. அம்மா பதறியடித்துக்கொண்டு டீ போட உள்ளே ஓடினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்காவின் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து, ஞாயிறுதோறும் அதை ஒரு வெள்ளை பக்கெட்டில் மொண்டு வைத்துப் படம் எடுக்கிறோம். கிணறு கெட்டதற்கு அக்காவிடம் வேறு அத்தாட்சி கிடையாது. படங்களை இணையத்தில் ஓர் ஆல்பத்தில் போட்டு வந்தேன். எவனோ புகார் கொடுத்தான், ஆல்பம் மொத்தமும் காலி. அக்கா அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வேலூரில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. லீவு நாளில் புரோகிராம் எழுதுவதுதான் பொழுதுபோக்கு. தெருக்காரர்களின் போன்களில் கிடந்த வாட்ஸ்அப் படங்களையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் நகல் வைத்து, தேதிவாரியாகக் கட்டம் கட்டமாகக் காட்டுகிற ஒரு சின்னக் கருவியைச் செய்தேன். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலிருந்து தானாகத் திரும்பி வந்துவிடும். இப்போது எவன் வேண்டுமானாலும் புகார் கொடுக்கட்டும்.

"இன்னாம்மா ரெனிட்டா, அதெல்லாம் கெணத்துப் பாசி. எங்க தண்ணி சுத்தமாகித்தான் வெளிய போவுது. நம்ம ஆளுங்க எத்தினி பேரு அங்க வேலை செய்றாங்க, யோசிச்சியா?"

"எங்கப்பாவும் அங்கதான் செஞ்சாரு அங்கிள். தண்ணிய கெடுக்காதீங்கன்னு சொன்னா வேலை போய்டுமா?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மேனேஜர் ஆவதற்கு முன்பு, சாயம் போட்ட தோலின் ஷேட், அதாவது நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் கண் தப்பாது என்று எங்கள் ஆம்பூரே சொல்லும். அவரும் சொல்லிக்கொள்வார். ஒரு படத்தின் கீழே 'சிவப்பு' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத்தப் போயி செவப்புன்றியே! இது பர்கண்டிம்மா. கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு ஓட்டுன சாயம். பக்கத்துல இருக்குது பாரு, அந்தப் பழுப்பு, அது காக்னாக். மொத வாட்டி ஷேட் ஒத்து வரல, மறுபடியும் ஓட்டுனோம், அதான் ரெண்டு வாரம்..."

அதோடு நின்றுபோனார். வாசலில் நின்றிருந்த நசீமுன்னிசா அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பாசிக்கு இத்தினி பேரா சார்?"

நான் அதற்குள் 'சிவப்பு' என்பதை அடித்துவிட்டு 'பர்கண்டி, கிறிஸ்துமஸ் ஆர்டர்' என்று எழுதியிருந்தேன். கீழே சொன்னவர் பெயரையும் போட்டேன்.

"ஏதோ பேச்சுவாக்குல வந்துடுச்சு. அழிச்சிடும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"மூணு எடத்துலயும் ஏறிடுச்சு அங்கிள். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வாங்க. இன்னும் நெறைய படத்துக்குப் பேரு தெரியாம கெடக்குது."

அம்மா டீயோடு வந்தாள். உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, வழக்கமான மரியாதையோடு சொன்னாள்:

"கேன் தண்ணியிலதான் போட்டேன். பயப்படாம குடிங்க."