சிங்காரம் மாமா செத்த ஞாயிறு

கார்ட்டூனில் வருகிறவனுக்குச் சாவு வருமா? ஜோவானைக் கேட்டிருந்தால், வராது என்று அடித்துச் சொல்லியிருப்பாள். ‘எட்டாவது மாடி’ கார்ட்டூனில் வரும் சிங்காரம் மாமாவுக்கு இருபது வருஷமாக அதே தொப்பை, அதே கட்டம் போட்ட சாரோங் கைலி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுவார், லிஃப்டில் மாட்டிக்கொள்வார், அடுத்த வாரமே ஒன்றும் நடக்காத மாதிரி வந்து பெண்டாட்டி பாக்கியத்தோடு சண்டைக்கு நிற்பார். அவருக்குக் குரல் கொடுப்பவர் ஜோவானின் கணவர் பேட்ரிக். இவர்கள் குடியிருக்கும் சுங்கை பினாங் ஃப்ளாட்டில் பாதிப் பேருக்கு அவர் சொந்தப் பெயரே தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு சாயங்காலம் புது எபிசோடு. ஜனவரியில் பேட்ரிக் கோலாலம்பூருக்குப் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்தது. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி முறுக்கு டப்பாவோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பேட்ரிக் வாயே திறக்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தவக்காலத்துக்கு ஒறுத்தலாக ஜோவான் இறைச்சியை விட்டிருந்தாள், பேட்ரிக் பேச்சை விட்டிருந்தார். ‘ஈஸ்டர் வரைக்கும் பேச மாட்டேன்’ என்று தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்றே போனில் தட்டிக் காட்டிவிட்டார். வாயை வைத்துப் பிழைக்கிற மனுஷன் வாயைக் கட்டினால் சும்மாவா? ஜோவான் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எபிசோடு வழக்கம்போலச் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் சிங்காரம் மாமா பாசார் சந்தையில் மயங்கி விழுந்தார். அடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில்.

“எழுந்திருச்சிருவாரு லா. எப்பவும் இப்டித்தானே!” என்றாள் புஷ்பவள்ளி.

எழுந்திருக்கவில்லை. பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் மீன் கறியில உப்பு, புளின்னு தெனம் கொற சொன்னேன்ல? எல்லாம் சும்மாடி. நல்லாத்தான் இருந்துச்சு. வாயத் தொறந்து சொல்லத்தான் வரல” என்றார். கண்ணை மூடினார். நர்ஸ் வந்து வெள்ளைத் துணியால் மூடினாள். அவ்வளவுதான்.

“அடப்பாவிங்களா!” என்று புஷ்பவள்ளி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் போன் போட வேண்டும் என்று கண்ணைத் துடைத்தபடி வீட்டுக்கு ஓடினாள்.

ஜோவானுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது கோபம். இருபது வருஷம் உழைத்தவரை இப்படியா கழற்றிவிடுவது? இந்த மனுஷனும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கிவிட்டாரே! பேட்ரிக் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, கார்ட்டூன் கம்பெனிக் கோகுலனுக்குப் போன் போட்டாள்.

“என்ன தம்பி, நல்லாருக்கா நீங்க பண்ணுனது? அவர வேலைய விட்டுத் தூக்கணும்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?”

“ஐயோ அக்கா, நாங்க எங்க தூக்குனோம்? மாமாவச் சாகடிக்கச் சொல்லி அண்ணன்தான் கேட்டாரு. தன் குரல் போனப்புறம் வேற ஆளு மாமாவாப் பேச வேணாம்னாரு. கடைசி டயலாக் கூட அவரே எழுதுனதுதான்.” கோகுலன் தயங்கினான். “ஆப்பரேஷன் பத்தி அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?”

போன் கையிலேயே இருந்தது. ஜோவான் திரும்பினாள்.

“தொண்டையில கட்டி” என்றார் பேட்ரிக். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது குரல். “கேன்சர். வர்ற புதன்கெழம குரல்வளைய எடுக்குறாங்க. ஈஸ்டர் கழிச்சு ஆப்பரேஷன்னு நெனச்சேன், முன்னாலயே தேதி குடுத்துட்டாங்க.”

ஒறுத்தலாவது, மண்ணாவது! குரல் கெட்டது தெரியக் கூடாது என்றுதான் மனுஷன் தவக்காலத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். அதை நம்பி ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறாள் இவள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கார்ட்டூன் பாக்கியம் அடுப்பே பற்றவைக்காதவள், எல்லாம் கடைச் சாப்பாடு. மீன் கறி வைப்பவள் இவள். தினம் உப்பு, புளி என்று குறை கேட்டவளும் இவள்.

“ஏங்க, கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்ல வேண்டியத டிவியிலயா சொல்லுவீங்க?” அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. “உங்க வாயால ஒரு தரம் என் மொகத்தப் பாத்துச் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?”

“கத்தாத ஜோ. அக்கம்பக்கத்துல கேக்கும்.”

“கேக்கட்டும்! நீங்களும் கத்துங்க. என்னைத் திட்டியாச்சும் கத்துங்க. புதன்கெழம வரைக்கும் குரல் இருக்குல்ல?”