ஒழுகாத கூரை

…இல்லை, வரவில்லை, ஒரு சொட்டுகூட வரவில்லை, இதோடு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, இருந்தும் அவர் விடுவதாயில்லை, "நல்லா பாரு ஆனி, தையல் ஓரமா பாரு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது, ஆனி டார்ச்சைத் தூக்கிக் காரின் துணிக்கூரையின் ஓரத்தை மறுபடியும் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது, காயாமல் என்ன செய்யும், என்றைக்கு ஒழுகியது அது… கண்ணாடிக்கு வெளியே அவள் புருஷன் பவுல்ராஜ் கலங்கலாகத் தெரிந்தார், இடது கையில் கூரைமேல் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் பைப்பு, வலது கையில் கட்டு, கட்டு நனையாமலிருக்க அவள்தான் காலையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள், இறுக்கமா இருக்கா என்று கேட்டபோது இல்லை சரியா இருக்கு என்றார், அவ்வளவு பொறுமையாக அவர் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பின் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு இன்னொரு டார்ச்சோடு தனகோட்டி உட்கார்ந்திருந்தார், குறிஞ்சிப்பாடியில் குஷன் கடை வைத்திருப்பவர், இந்தக் கூரையைத் தைத்தவர், தன் தையல் ஒழுகுவதைத் தானே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று பவுல்ராஜ் அவரை வரவழைத்திருந்தார்.

கார் வந்து ஏழு மாதம் ஆகிறது, புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் மேலே வானம்தான், குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் வேடிக்கை பார்த்தது, அவளும் வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி, பொண்ணைக் கட்டிக் குடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பியாச்சு, இந்த வயசுல இவருக்குத் திறந்த காராம், பெருமாத்தூர் ரோட்டுல ஊர்கோலம் போகப் போறாராம் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், பவுல்ராஜும்கூடச் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை வா என்று கூப்பிடவில்லை, மூடிய காரில்தான் கோயிலுக்கு, மூடிய காரில்தான் மார்க்கெட்டுக்கு… கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளா? தெரியவில்லை. அவர் செகண்ட் ஷிப்டு போன அந்தப் புதன்கிழமை மத்தியானம் யாரும் கூப்பிடாமலேதானே போனாள்.

எதற்குப் போனாள், கூரைமேல் படிந்திருந்த சுரங்கத்துக் கரித்தூளைத் துடைக்கத்தான், துணியோடுதான் போனாள், அது பொய்யில்லை, ஆனால் துடைத்து முடித்த பிறகு முன்னாலிருந்த இரண்டு கொக்கியையும் எதற்காகக் கழற்றினாள்? கூரை அவ்வளவு லேசாக மடங்கிப் பின்னால் போகும் என்று நினைக்கவில்லை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், மேலே பலாமரத்து இலைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக இறங்கியது, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள், அரை மணியா, ஒரு மணியா, வண்டி ஓட்டவே தெரியாதவள், எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள், வாய்விட்டுப் பாடக்கூடச் செய்தாள், அப்போதுதான் வீட்டுக்குள்ளே போன் அடித்தது, மஸ்கட்டிலிருந்து மகள் மெர்லின், குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம், பேசிப் பேசி அப்படியே கட்டிலில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். விழித்தபோது ஓட்டுமேல் சடசடவென்று மழை, ஓடிப் போய்க் கூரையை இழுத்துக் கொக்கியை மாட்டி, சீட்டைத் துண்டால் துடைத்து, ஃபேனைத் தூக்கி வந்து வைத்துக் காய வைத்தாள், அவர் வருவதற்குள் மேலே காய்ந்துவிட்டது, கார்பெட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் என்றோ, அந்தத் தண்ணீருக்குள் வயர் பெட்டி ஒன்று சீட்டுக்கடியில் முழுகிக் கிடக்கும் என்றோ அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திய நேரத்தில் வாசலில் நின்ற கார் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்காமல் அடித்தபோது தெரிந்துவிட்டதே, மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்க இவர் எழுந்து ஓடினாரே, அப்போது சொல்லியிருக்கலாமே…

சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை அவர் காரை எடுத்திருக்கமாட்டார். குறிஞ்சிப்பாடி ரோட்டில் சீட்டுக்கடியிலிருந்து புகை வந்து, நெருப்புப் பிடித்துவிடும் என்று எரிகிற வயரை வெறுங்கையால் பிடுங்கியிருக்கமாட்டார், சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் ஒரு ஷாக்குகூட வாங்காத கை அது. அன்றைக்குச் சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு வந்து கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது, பெட்டியின் பித்தளை முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தது, அவளிடம் கேட்டார், கூரையை யாராவது தொறந்தாங்களா? அவள் சொன்னாள், யாரு தொறப்பாங்க. அது பொய்யா? கேள்விதானே அது, கேள்வி எப்படிப் பொய்யாகும், இதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டுவிட்டாள்… பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பொய் சொன்னேன் ஃபாதர் என்றுதான் சொன்னாள், என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், சொன்னாள், நெஞ்சிலிருந்த பாரம் ஒன்றும் இறங்கவில்லை. இவரோ தண்ணீர் இறங்கும் ஓட்டைகளைச் சைக்கிள் கம்பி விட்டுக் குத்தினார், கதவு ரப்பரை மாற்றினார், கடைசியில் தையலுக்கு வந்தார், தனகோட்டி தையல் ஒழுகுற தையல் என்று வேன் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், அதைக் கேட்டுவிட்டு வேன் வைத்திருக்கும் சோமசுந்தரம் தைக்கக் கொடுத்திருந்த பத்து சீட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"இப்ப வருதா?" தண்ணீர் பின்கண்ணாடிப் பக்கம் போனது. "வரலைங்க." "அந்தாளு உக்காந்திருக்காரேன்னு பாவம் பாக்காத ஆனி, உள்ளத சொல்லு." உள்ளதைத்தானே சொல்கிறாள், இந்த ஒரு வாரத்தில் அவள் சொன்ன ஒரே உண்மை இந்த வரலை, அதைப் போய் அவர் இரக்கம் என்று எடுத்துக்கொள்கிறாரே, நல்ல மனசுக்காரி என்று நினைக்கிறாரே… எங்கேயாவது ஒரு சொட்டு வந்துவிடக்கூடாதா மாதாவே, ஒரே ஒரு சொட்டு, என்று வேண்டிக்கொண்டாள், வேண்டிய பிறகுதான் உறைத்தது, அந்தச் சொட்டு விழுந்தால் அது யார் தலையில் விழும், பின்னால் மடங்கி உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷன் தலையில்தான், அதற்கா மாதாவைக் கூப்பிட்டாள்?

தனகோட்டி டார்ச்சை இறக்கி முன் சீட்டின் முதுகைக் கையால் அமுக்கினார், பிறகு பக்கத்துச் சீட்டை அமுக்கினார், அமுக்கிய விரலை முகர்ந்து பார்த்தார். "ரெண்டு சீட்டுமே மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி ஊறிக்கினு இருந்திருக்குதுக்கா" என்றார், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், "தையல்ல வர்ற தண்ணி ஒரு பக்கமாதான் எறங்கும். இது வானத்துல இருந்து வந்த தண்ணி." அவ்வளவுதான், டார்ச்சைத் திரும்பவும் தையலுக்கே கொண்டுபோனார், இந்த வயசில் இன்னொருத்தர் வீட்டு வாசலில் காலை மடக்கிக்கொண்டு, தப்பே இல்லாத தையலில் தப்பைத் தேடிக்கொண்டு… வெளியே பவுல்ராஜ் பைப்பு முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி நேராக அவள் தலைக்குமேல் அடித்தார், துணி தப்பட்டை மாதிரி அதிர்ந்தது, அந்த இரைச்சலுக்குள் அவள் சொன்னாள், "நான்தாங்க தொறந்தேன். தொறந்து உக்காந்திருந்தேன், மூட மறந்துட்டேன்."

சொல்லிவிட்டாள், சொல்லியே விட்டாள், இனி என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், ஆனால் வெளியே தண்ணீர் நிற்கவில்லை, கலங்கலான அந்த உருவம் குனிந்து கண்ணாடியில் கை வைத்து, "என்ன? வருதாங்கறியா?" என்றது.

"அவருக்குக் கேக்கலக்கா" என்றார் தனகோட்டி.

ஆறுதலாகச் சொன்னாரா, இல்லை சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறாரா, அவர் குரலில் இரண்டுமே இல்லாததுபோல் இருந்தது, திரும்பிப் பார்த்தாள், அவர் அவளைப் பார்க்கவில்லை, டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் அந்த இரைச்சல் வந்த பிறகுதானே வாயைத் திறந்தாள், அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது, அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ… பவுல்ராஜ் போய்க் குழாயை மூடினார். கூரைமேல் சத்தம் குறைந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது. கட்டுப்போட்ட கையின் பாலித்தீன் பை சரசரக்க அவர் கதவருகே வந்து, "இப்ப சொல்லு ஆனி, என்ன சொன்ன?" என்றார். காருக்குள் இருவர் மூச்சும் கதவருகே அவர் மூச்சும் தனித்தனியாகத் தெரிகிற அவ்வளவு அமைதி, இப்போது முணுமுணுத்தால்கூடக் கேட்கும்.