வளையம்

தையல் பட்டறையில் அவளை எல்லோரும் கட்டிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கடுக்காகத் துணி வெட்டியே வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து, விரல் உள்ளே கோணிக்கொண்டது. அங்கேயே இஸ்திரி போடும் அவள் புருஷனுக்கு அவள் பல்லைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கத்திரியின் விரல் வளையத்தைச் சூடாக்கித் தட்டி, விரல் கோணிய பக்கமே வளைத்துக் கொடுத்தான். கோணல் கூடக்கூட வளைவும் கூடியது.

பிறகு ஆபரேஷன் செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். விரல் நேரானது, வலி விட்டது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்ற அன்று அவன் கத்திரிக்குச் சாணை பிடித்து, எண்ணெய் போட்டு, மேசையில் வைத்தான்.

"புதுக் கைக்குப் பழைய கத்திரியாக்கா?" என்று காஜா எடுப்பவள் சீண்டினாள்.

"புருஷனும் பழசுதான்டி. ஓட்டலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வெட்டும்போது அவள் மணிக்கட்டைச் சாய்த்துச் சாய்த்துத் தள்ளினாள். புது மூட்டு பழகினால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். சில மாதம் போனது. ஒருநாள் கெட்டித் துணியில் கத்திரியை அழுத்தியவள் கையை உதறினாள். கத்திரி தரையில் விழுந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார். செயற்கை மூட்டின் குமிழ் அதன் கிண்ணத்தைவிட்டு நழுவியிருந்தது, கிண்ணமும் ஆடிப்போயிருந்தது. எதைப் பிடித்து வேலை செய்கிறாள் என்று கேட்டு, அவள் பையிலிருந்த கத்திரியை வாங்கித் தன் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"நேரான விரலை இது ஒரு பக்கமாவே நெம்பும்மா. யார் வளைச்சது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வாங்கும்போதே அப்படித்தான் டாக்டர்."

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்தச் செயற்கை மூட்டை எடுத்துடலாம். வலி குறையும். ஆனா கத்திரி பிடிக்கிற பலம் இனி வரும்னு சொல்ல மாட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையிலிருந்து கத்திரியை எடுத்து இடது கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தாள். வளைவு மறுபக்கம் இடித்தது.

"இந்தக் கைக்கு ஒத்து வரலைங்க."

வளைத்துத் தருகிறேன் என்று சொல்ல அவன் நிமிர்ந்தான். அவள் மடியிலிருந்த கத்திரியை எடுத்துத் துணியில் சுற்றினான். பிரித்து, மறுபடியும் சுற்றினான்.