‘இறக்கிட்டேன்’ என்று சொன்னவள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே காலையில் நான் சொன்ன இரண்டு பொய்களிலிருந்து வந்த கதை இது.

முதல் பொய் தொலைபேசியில். பத்திரிகை ஆசிரியர், “கதை என்னங்க ஆச்சு?” என்று கேட்டார். “முடிச்சுட்டேன் சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு அனுப்பிடறேன்” என்றேன். என் முன்னால் இருந்த தாளில் தேதி மட்டும்தான் எழுதியிருந்தது. அதுவும் போன வாரத் தேதி.

இரண்டாவது பொய் அரை மணி நேரம் கழித்து. என் அறையில் சீலிங் ஹீட்டர் மாட்ட வந்தவர் ஏணிமேல் நின்றபடி, “மெயின் இறக்கிட்டீங்களா?” என்றார். “இறக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டே எழுந்தேன். மனிதர் கீழே இறங்கி, பாதி வழியில் நின்ற என்னைத் தாண்டிப் போய், மெயினைத் தன் கையாலேயே இறக்கினார். திரும்பி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! இத்தனை வருஷத்தில் எந்த விமர்சகரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நம் பேச்சே அப்படித்தானே? “இதோ வந்துட்டேன்” என்பவர் இன்னும் வரவில்லை. “கெளம்பிட்டேன்” என்பவர் இன்னும் குளிக்கவே இல்லை. நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகச் சொல்வதில் நமக்கு அவ்வளவு தாராளம். கல்யாணத்துக்குப் போக, காப்பி போட, கதை அனுப்ப அது போதும். கரண்டுக்குப் போதாது.

2

[தொடக்கம் ஒன்று: “குளிர் அந்த வீட்டுக்குள் ஒரு —” வேண்டாம். குளிரை எதற்காவது ஒப்பிடாவிட்டால் எழுதுகிறவர்களுக்குக் கை அரிக்கும்.]

[தொடக்கம் இரண்டு: “சீலிங் ஹீட்டர் என்பது கூரையில் திருகி மாட்டப்படுகிற, கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிற, நீளமான, தட்டையான —” இது கதையா, விற்பனைச் சீட்டா? ஆனால் தகவல் சரி. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.]

[தொடக்கம் மூன்று: “அக்காவுக்குக் கால் சுட்டது தெரியவில்லை.”]

மூன்றாவது இருக்கட்டும்.

3

அக்காவுக்குக் கால் சுட்டது தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி கிடையாது. பதினோரு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். வீட்டு வரைபடம் போடுவது அவள் தொழில். இந்தச் சின்ன வீட்டையும் அவள்தான் தனக்காகத் திருத்தி அமைத்தாள். ஜன்னல் கொக்கி, அடுப்பு மேடை, மெயின் போர்டு எல்லாம் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

போன குளிர்காலத்தில் மேஜைக்கு அடியில் ஹீட்டரை வைத்துக்கொண்டு யாருடைய சமையலறைக்கோ ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாள். ஏதோ கருகும் வாடை வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அடுப்பை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களுக்காகக் கொஞ்சம் கவலையும் பட்டாள். கதவைத் திறந்து உள்ளே வந்த தம்பிதான் பார்த்தான். கருகியது அவளுடைய சாக்ஸ். ஏழு வாரம் காலில் கட்டு.

அந்த ஹீட்டரை வாங்கிக் கொடுத்ததே தம்பிதான்.*

(* முதல் வரைவில் தம்பியை வில்லனாக வைத்திருந்தேன். அக்காவின் சுதந்திரத்தைப் பறிக்கப் பார்க்கும் ஆள், மீசை வேறு. இந்த ஒரு வரியை எழுதியதும் எனக்கே மனசு கேட்கவில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.)

இந்த வருஷம் குளிர் தொடங்கியதுமே அவன் ஆரம்பித்தான். “எங்க வீட்டுக்கு வந்துடுக்கா. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு.”

“எனக்கு வீடு இருக்கு.”

“வீடு இருக்கு. வெப்பத்துக்கு என்ன பண்ணுவ?”

“மேல மாட்டுவேன். என் காலு என்ன எகிறிக் குதிச்சு சீலிங்கத் தொடப்போவுதா?”

ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் தம்பி ஒரு நிபந்தனை போட்டான். ஹீட்டரை மாட்டலாம், அவனும் கூட நின்று மாட்டுவான். ஆனால் மாட்டி முடிவதற்குள் ஆபத்தாக ஒரே ஒரு தப்பு நடந்தாலும் அக்கா பெட்டி கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அக்கா சரி என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க ஒரு கோடுகூட நேராக வரையவில்லை.

4

அக்கா ஹீட்டரோடு வந்த புத்தகத்தை மூன்று தடவை படித்தாள். அறையை அளந்து வரைபடம் போட்டாள். திரைச்சீலையிலிருந்து இவ்வளவு தள்ளி, அலமாரி உச்சியிலிருந்து இவ்வளவு, கதவு திறந்தால் இடிக்காத இடம் இது என்று பென்சிலால் ஒரு நீள்சதுரம். அலமாரிமேல் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னாள்.

ஒயர் வேலைக்கு எலக்ட்ரீஷியன் உண்டு. ஐம்பது வயதுப் பெண்மணி. தெருவில் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். காதில் பென்சில் மாதிரி எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று இருக்கும் என்பது ஒரு காரணம். தானே சோதித்துப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பமாட்டார் என்பது இன்னொன்று. இரண்டு நாள் முன்பு வந்து, ஹீட்டருக்கென்று தனி லைன் இழுத்து, அதற்குத் தனி பிரேக்கர் வைத்து, சீலிங்கில் ஒயர் முனையைச் சுருட்டி மூடிவிட்டுப் போனார். “ஹீட்டரத் தாங்குற கிளாம்ப நீங்க அடிச்சு வைங்க. ஒயர நான் வந்துதான் தொடுவேன். வேற யார் கையும் படக்கூடாது.”

ஹீட்டர் மாட்டும் நாள் காலையில் தம்பி ஏணியோடு வந்தான்.

அந்த சீலிங் வெறும் அட்டைப்பலகை. அதற்கு மேலே இடைவெளி விட்டு மர உத்தரங்கள் ஓடுகின்றன. ஹீட்டரின் பாரத்தை உத்தரம்தான் தாங்கும், அட்டை தாங்காது. உத்தரம் எங்கே என்று தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி மேலே நின்று விரல் முட்டியால் தட்ட, அக்கா கீழே கண்ணை மூடிக் கேட்டாள்.

டப். டப். டொக்.

“அங்க! குறி போடு.”

மூன்று இடம் அப்படிக் கிடைத்தது. நாலாவது இடத்தில் தகராறு.

“டொக்குதான் கேக்குது.”

“டப்புடா அது. இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளு.”

“மேல நிக்கிறது நானா நீயா?” என்று அவன் அங்கேயே துளை போட்டுக் கிளாம்பை வைத்துத் திருகிவிட்டான். அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏணியில் ஏறிக் காட்ட முடியாதே. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

5

இப்போது அந்த இடம் வருகிறது. இதற்காகத்தான் கதையே.

சீலிங்கில் இருந்த பழைய விளக்கின் பிடி, ஹீட்டர் வரவேண்டிய நீள்சதுரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

“இத நானே கழட்டிடறேன். மெயின இறக்கு.”

“அவங்க ஒயரத் தொடக்கூடாதுன்னாங்க.”

“அது ஹீட்டர் ஒயருக்குக்கா. இது வெறும் லைட்டு.”*

(* விளக்கின் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய வீட்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கட்டியவருக்கே தெரியாது. விளக்கு எரியாததை வைத்துக் கரண்ட் இல்லை என்று நம்புகிறவர்கள் அநேகம்.)

அக்கா கூடத்துக்கு நாற்காலியை உருட்டினாள். தூசி விழாமலிருக்கத் தரையில் விரித்திருந்த துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. குனிந்து இழுத்தாள், வரவில்லை. மெயின் போர்டு இன்னும் மூன்று கை தூரத்தில் இருந்தது.

“இறக்கிட்டியா?” என்று உள்ளேயிருந்து குரல்.

“இதோ, இறக்கிட்டேன்!”

துணியை இழுத்துக்கொண்டே சொன்னாள். வாய் தானாகச் சொன்னது. அப்படித்தான் அவள் ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். உள்ளே ஏணி கிறீச்சிட்டது. திருப்புளி உலோகத்தில் உரசும் சத்தம் கேட்டது. அக்காவின் கை துணியிலேயே நின்றது. எதிரே மெயினின் பிடி மேலேதான் இருந்தது.

“தொடாத! டேய், தொடாத! இறக்கல! நான் இன்னும் இறக்கல!”

[இங்கே ஒரு நீளமான மௌனத்தை வருணித்து எட்டு வரி எழுதி, எட்டையும் அடித்துவிட்டேன்.]

தம்பி ஏணியிலிருந்து இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது. மெயினின் பிடி மேலே இருப்பதைப் பார்த்தான். “ஒயருக்கும் எனக்கும் அவ்ளோதான் இருந்துச்சு” என்று ஒரு விரலைக் காட்டினான். 

“அப்புறம் எதுக்கு இறக்கிட்டேன்னு சொன்ன?”

அக்காவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “நீ காலைல ‘வந்துட்டேன்க்கா’ன்னு போன்ல சொன்னியே, அப்ப எங்க இருந்த?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “...பல் வெளக்கிட்டிருந்தேன்.”

“அதேதான்டா!”

6

இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். தவறைத் தூக்கித் தம்பி தலையில் கட்டிவிட்டால் கதை சுலபம். ‘இறக்கிட்டேன்’ என்று அவன் சொல்லியிருக்கலாம், அக்கா அதைக் கண்டுபிடித்திருக்கலாம், நீங்கள் கை தட்டியிருக்கலாம். கட்டிப் பார்த்தேன். அக்கா ஒத்துழைக்கவில்லை. செய்த தவறையும் சேர்த்துத்தான் அந்த வீடு தன்னுடையது என்று அடம்பிடித்தாள்.

“பந்தயம் தோத்துட்ட. பெட்டியக் கட்டு” என்றான் தம்பி. குரலில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை.

“தப்பு என்னோடதுதான். ஒத்துக்கறேன்” என்றாள் அக்கா. “ஆனா கண்டுபிடிச்சது யாரு? கத்தினது யாரு? உங்க வீட்ல உக்காந்திருந்தா நான் தப்பே பண்ணமாட்டேன், ஏன்னா எதையும் பண்ண விடமாட்டீங்க. எனக்கு பயமா இருக்குடா. இருந்தாலும் இங்கதான் இருக்கணும்.”

தம்பி துணியைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டான். “டெஸ்டர் வரட்டும். அவங்க சொல்றதுதான் முடிவு.”

7

டெஸ்டர் வந்ததும் இரண்டு பேரும் நடந்ததைப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டுக்காரர் ‘சாப்பாடு ஆச்சு’ம்பாரு. நான் பானையத் தெறந்து பாப்பேன். அரிசியே ஊறிட்டிருக்கும்” என்றார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். கரண்ட் இருக்கும் பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை முதலில் வைத்துக் காட்டினார். எரிந்தது. “இத மொதல்ல பாக்கணும். டெஸ்டரே செத்துப்போயிருந்தாலும் எரியாதில்ல?” பிறகு மெயினை இறக்கி, பிடியில் ஒரு சின்னப் பூட்டைப் போட்டு, சாவியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். “நான் ஏணியவிட்டு எறங்கி வந்து கை நீட்டுற வரைக்கும் இது உங்ககிட்டதான். வாயால கேட்டாக்கூடக் குடுக்காதீங்க.” மேலே ஏறி ஒவ்வொரு ஒயரிலும் டெஸ்டரை வைத்தார். எதிலும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் பழைய விளக்கு இறங்கியது.

அடுத்தது கிளாம்புகள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்துத் தன் பாரத்தைக் கொடுத்து இழுத்தார். முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. நாலாவது பொசுக்கென்று கையோடு வந்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த தம்பியின் தலை முழுக்க வெள்ளைத் தூள்.

“இது யார் போட்டது? அட்டைல மாட்டியிருக்கீங்க. ஹீட்டரோட சேந்து மேஜை மேலயே விழுந்திருக்கும்.”

தம்பி தூளைத் தட்டக்கூட இல்லை. அக்கா எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“டப்புன்னு சொன்னேன்ல!”

“சொன்ன.”

“ரெண்டு விரக்கடை தள்ளுன்னு சொன்னேன்ல!”

“சொன்னக்கா, சொன்ன.”

டெஸ்டர் இரண்டு விரல் அளவு தள்ளித் தட்டினார். டொக். கீழே நாற்காலியிலிருந்து அக்கா விரலை உயர்த்தினாள். டெஸ்டர் அந்த இடத்தில் கிளாம்பைத் திருகித் தொங்கிப் பார்த்துவிட்டு, “சார், அடுத்த தடவை நீங்க கீழ உக்காருங்க, அக்கா சொல்லட்டும்” என்றார்.

ஹீட்டர் ஏறியது. ஒயரைச் சேர்த்து மூடினார். எர்த் ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து, அக்காவின் எதிரே நின்று, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அக்கா சாவியைக் கொடுத்தாள். டெஸ்டர் பூட்டைத் திறந்து மெயினை ஏற்றினார்.

“பிரேக்கர நீங்களே போடுங்க. உங்க வீடு.”

அக்கா போட்டாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் உச்சந்தலையில், தோளில், மேஜைமேல் விரித்த தாளில் மெல்ல வெப்பம் இறங்கியது. அவள் குனிந்து முழங்காலில் கை வைத்துப் பார்த்தாள். இதமாகத்தான் இருந்தது, சுடவில்லை. பாதம் தரையில் பத்திரமாக இருந்தது, பக்கத்தில் எந்த ஹீட்டர் சனியனும் இல்லை. அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாள். டெஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

8

முடிவுகள்.

[அ: தம்பி கண் கலங்கி அக்காவின் கையைப் பிடித்து — இல்லை. கண் கலங்கியது உண்மை. தூள் உள்ளே போய்விட்டது என்று அவன் சொல்கிறான். விட்டுவிடுவோம்.]

[ஆ: டெஸ்டர் அக்காவைத் தன்னோடு தொழிலுக்குக் கூப்பிட, இருவரும் ஊரெல்லாம் — சினிமா. அக்காவுக்கு ஏற்கெனவே நல்ல தொழில் இருக்கிறது.]

[இ: கீழே இருப்பது. நடந்ததாக நான் நம்புவது.]

டெஸ்டர் போன பிறகு தம்பி அறையைப் பெருக்கினான். ஏணியை மடக்கினான். வாசல்வரை போய் நின்றான்.

“அக்கா, எங்க வீட்டுக்கு வரியா?”

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. “மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? இன்னும் என்னடா நிரூபிக்கணும் நான்?”

“ஐயோ, அது இல்லக்கா.” அவன் ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டான். “எங்க ரூம்லயும் ஒண்ணு மாட்டணும். நான் தட்டுவேன். டொக்கா டப்பான்னு சொல்ல ஆள் வேணும்.”

அக்கா பதில் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது நீங்கள். உடனே போனாள் என்று வையுங்கள், ஒரு மாதம் அவனைக் கெஞ்சவிட்டுப் போனாள் என்று வையுங்கள், போகவே இல்லை, போனிலேயே தட்டச் சொல்லிக் கேட்டாள் என்றாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு கட்டளை. அவள் போனதாக வைத்தால், வேலை முடிந்து கிளம்பும்போது யாராவது அவளிடம் “எங்க போற?” என்று கேட்க வேண்டும், அவள் “எங்க வீட்டுக்கு” என்று சொல்ல வேண்டும்.