பாருக்குப் பயந்த தர்மன்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, தர்மன் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து சென்னைக்குப் போய், கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பை தூக்கியவன் அவன். அங்கே தொழிலாளர் போட்டியில் ஜெயித்தால் நிரந்தர வேலை. கடைசிக் குழிக்குப் ‘பார்’ நாலு; நல்ல ஆட்டக்காரனுக்கு நாலு அடி போதும் என்று அர்த்தம். மொத்த அடி குறைந்தவனே ஜெயிப்பான்; தர்மனுக்கு ஐந்தடித்தாலே வெற்றி. குறுக்கே இருந்த குளத்தை ஓரடி கூடுதலாகச் சுற்றியே அடித்திருக்கலாம். ஆனால் பாருக்கு மேல் அடித்தவர்களை மற்றவர்கள் இளக்காரமாய்ப் பார்ப்பதைக் கண்டு பழகியவன், குளத்துக்கு மேலே அடித்தான். பந்து தண்ணீரில் விழுந்து, ஏழில் முடிந்தது.

ஊருக்கு வந்தவனிடம் மனைவி பவானி கேட்டாள்.

"அஞ்சே போதும்னு தெரியுமில்ல? இன்னாத்துக்குயா நாலுக்குப் போன?"

"அஞ்சடிச்சா மட்டமா நெனப்பாங்க, பவானி."

"அதே குழியில ஆறடிச்சவன்தான் இப்ப வேலைக்குப் போய்க்கினு இருக்கான். அவன யாரு மட்டமா நெனச்சா?"

தர்மன் மலையிறங்கினான். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, மறுபடியும் பை தூக்கப் போனான்.

உங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் பார்வைக்கு அஞ்சாமல், உண்டு உறங்கி நன்றாக இருக்கட்டும்.